பக்கத்துப் பேசின்

"கத்துங்கம்மா, அடிவயித்துலேர்ந்து கத்துங்க" என்று தற்காப்பு வகுப்பில் ரூத் மேடம் சொன்னபோது பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கத்தினார்கள். நான் வாயைத் திறந்து மூடியதோடு சரி. கும்பலில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

என் பெயர் செங்கொடி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர். சங்கக் கூட்டம் என்றால் சோறு தண்ணி மறந்து ஓடுகிற மனிதர் அவர். பெயருக்கும் எனக்கும் ஒட்டவே இல்லை. முப்பத்திரண்டு வயதாகிறது, இதுவரை நான் எதற்கும் கை தூக்கியதில்லை. ரேஷன் கடையில் எவளாவது குறுக்கே நுழைந்தால்கூட நகர்ந்து இடம் கொடுக்கிற ஆள் நான்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து காலையில் பஸ் ஏறி, டோல்கேட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, திருவொற்றியூர் தாண்டி இருக்கிற இறால் கம்பெனிக்கு ஏழரைக்குள் போக வேண்டும். வெள்ளை கவுன், தொப்பி, ரப்பர் பூட்ஸ். ஸ்டீல் மேசையின் இரண்டு பக்கமும் ஆறு ஆறு பேராக நின்று தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, சின்னக் கத்தியால் முதுகைக் கீறிக் குடலை எடுத்து பேசினில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பேசின். பதினோரு மணிக்கு ஒரு எடை, நாலு மணிக்கு ஒரு எடை. எடை குறைந்தவளை அடுத்த நாள் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இறாலோடு ஐஸையும் சேர்த்துத்தான் கொட்டுவார்கள். கையுறை பேருக்குத்தான். அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அழுவார்கள். ஆறு வருடமான எனக்கு அது சௌகரியம். ஓடு குத்தினால் தெரியாது, கத்தி பட்டாலும் தெரியாது. இறால் சிவந்தால்தான் ரத்தம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் கையை விடும்போதுதான் வலி மொத்தமும் சேர்ந்து வரும். அதனால் கொஞ்ச நாளாகச் சுடுதண்ணீரில் கை விடுவதையே நிறுத்திவிட்டேன்.

தற்காப்புப் பயிற்சி எங்கள் மேல் பிரியம் வந்து வைத்ததல்ல. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து கக்கூஸ் வரை எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுடைய பட்டியலில் இப்படி ஒரு வரி இருந்ததாம். ஆபீஸ் மேனேஜர் டென்னிஸ் சார் பேனர் அடித்து, இரண்டு சனிக்கிழமை, தலா நாலு மணி நேரம் என்று ஏற்பாடு செய்துவிட்டார். பேனரில் ஒரு பெண் காலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் கோவிந்தம்மாக்கா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்மளால பஸ்சு படியே ஏற முடில, இவ இன்னாடி ஃபேன தொட்றா" என்றாள்.

ரூத் மேடம் வந்தபோது பேனர் மாதிரி இல்லை. குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கணக்கு டீச்சர் மாதிரி இருந்தார். வந்ததும் சொன்ன முதல் பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எட்டு மணி நேரத்துல யாரும் சண்டைக்காரி ஆக முடியாது. நான் பொய் சொல்ல மாட்டேன். பிடிச்ச கையிலேர்ந்து உங்க கையை உருவிக்கக் கத்துத் தருவேன். வாயைத் திறந்து 'தொடாதே'ன்னு சொல்லக் கத்துத் தருவேன். அதுக்கப்புறம் ஓடுறதுக்கு வழி இருக்கணும். அந்த வழியை என்னால போட்டுத் தர முடியாது."

பிடிக்கிறவனாக நடிக்க ஒரு ஆண் வேண்டுமென்றார். டென்னிஸ் சார் எங்களுக்கு எடை போடுகிற சூப்பர்வைசர் மாரியப்பனை அனுப்பினார்.

மாரியப்பன் சிரித்துக்கொண்டே வந்து நின்றான். நெஞ்சில் பஞ்சுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியின் மணிக்கட்டையும் பிடித்தான். பிடித்தவனின் கட்டைவிரல் இருக்கிற பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுத்தால் வந்துவிடும் என்று ரூத் மேடம் காட்டினார். எல்லோருக்கும் வந்தது. ஒரே சிரிப்பு, கைதட்டல். என் முறை வந்தபோது அவன் பிடித்தான். நான் திருப்பவில்லை. அவனே விட்டுவிட்டு, "செங்கொடிக்கு ஒண்ணும் தேவையில்ல மேடம், அது பாட்டுக்கு வேலைய பாக்கும்" என்றான். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வகுப்பு முடியும்போது கோவிந்தம்மாக்கா கேட்டாள்: "மேடம், ரோட்ல போறவன் புட்ச்சா கைய முறுக்கலாம். நமக்கு எடை போட்றவன் புட்ச்சா இன்னா பண்றது?"

கிண்டல் மாதிரிதான் கேட்டாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ரூத் மேடம் மாரியப்பனைத் திரும்பிப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "அதுக்குக் கம்பெனியில புகார் கமிட்டி இருக்கணும். நோட்டீஸ் போர்டுல பேரு இருக்கும், பாருங்க" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கன்டெய்னர் ஏற்றுமதி இருந்ததால் மாரியப்பன் வரவில்லை. அன்றைக்கு மூக்கில் அடிப்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். முஷ்டியால் அல்ல. முஷ்டியால் குத்தினால் நம் விரல்தான் உடையுமாம். உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழிருந்து மேலே ஒரே தள்ளு. முடிந்ததும் லேமினேட் செய்த சான்றிதழும் ஒரு சமோசாவும் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் உண்மையாக எடுத்துக்கொண்டவள் ஷாலு ஒருத்திதான். எர்ணாவூர்ப் பெண், இருபது வயது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். மேசையில் என் பக்கத்து இடம். சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடிக்கச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பழகுவாள். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் ஒருவன் முழங்கையால் இடித்துக்கொண்டே வந்திருக்கிறான். "கைய எட்து" என்று இவள் போட்ட சத்தத்தில் டிரைவரே வண்டியை நிறுத்திவிட்டாராம். அவன் பாதியில் இறங்கிப் போனான்.

"யக்கா, நம்ம குரலுக்கு இத்தினி பவர் கீதுனு எனக்கு தெர்லக்கா" என்றாள். இரண்டு நாள் அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் யாருக்கோ நடந்த நல்லது மாதிரி ரொம்பத் தூரத்தில் இருந்தது.

இனி பேசினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஐஸ் ரூம். ஐஸ் அள்ளிக் கொண்டுவரத் தனி ஆட்கள் உண்டு. இருந்தாலும் மாதத்தில் சில நாள் மாரியப்பன் எங்களில் ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். "வா, ஐஸ் பாத்து எடுக்கணும்." போகிறவள் பத்து நிமிடம் கழித்து வருவாள். அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு எடை குறையுமல்லவா? அதனால் பக்கத்தில் நிற்கிறவள் தான் உரித்ததிலிருந்து இரண்டு கை எடுத்து அவள் பேசினில் போடுவாள். எதிரில் நிற்கிறவளும் போடுவாள். போனவள் திரும்பி வந்து தன் பேசின் குறையாமல் இருப்பதைப் பார்ப்பாள், தலையைக் குனிந்து வேலையைத் தொடருவாள். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். கழிவறைக்குப் போகிறவளுக்கு யாரும் போட மாட்டார்கள். காய்ச்சலில் உட்கார்ந்துவிட்டவளுக்கும் கிடையாது. ஐஸ் ரூமுக்குப் போகிறவளுக்கு மட்டும்தான்.

என் பேசினில் மூன்று முறை போட்டிருக்கிறார்கள். முதல் முறை அவன் கையைத் தட்டிவிட்டேன். இரண்டாவது முறை தட்டவில்லை. மூன்றாவது முறை சுவரில் பனி எவ்வளவு கனம் படிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். திரும்பி வந்தபோது பேசின் நிறைந்திருந்ததைப் பார்த்து, இவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாரியப்பன் வந்து, "ஷாலு, வா, ஐஸ் எடுக்கணும்" என்றான்.

அவளுக்கு எதுவும் தெரியாது. கத்தியை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது, "யக்கா, என் கத்திய பாத்துக்கோ" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஷெட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது. அந்த மிஷின் சத்தத்தில் உப்பு கேட்பதற்கும் கத்த வேண்டும், நேரம் கேட்பதற்கும் கத்த வேண்டும். இங்கே கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரூத் மேடத்துக்கு இது தெரிய வாய்ப்பில்லை, வகுப்பு நடந்தபோது மிஷினை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் அன்றைக்குப் புது ஐஸ் பாளம் போடுவதற்காக மிஷின் ஒரு நிமிடம் நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் கேட்டது.

"தொடாத!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல். சொல்லிக்கொடுத்தபடியே கத்தியிருந்தாள். பதினோரு கத்திகளும் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு கோவிந்தம்மாக்கா கத்தி நகர்ந்தது, அடுத்தவள் கத்தி நகர்ந்தது. நான் என் குவியலிலிருந்து இரண்டு கை இறாலை அள்ளி ஷாலுவின் பேசினில் போட்டேன்.

யோசித்துப் போடவில்லை, கை தானாகப் போனது.

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தபோது ஐஸ் ரூம் கதவு திறந்தது. ஷாலு ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். ஒரு கையில் கையுறை இல்லை. அவளுக்குப் பின்னால் மாரியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான், விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. ஷாலு எங்கள் மேசையைத் தாண்டும்போது தன் பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே பூட்ஸோடு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். எங்களில் ஒருத்திகூட அவளோடு போகவில்லை.

மறுநாள் டென்னிஸ் சார் ஒரு காகிதத்தோடு வந்தார். எடை போடுவதில் வந்த தகராறில் ஷாலு சூப்பர்வைசரைத் தாக்கியதாக எழுதியிருந்தது. "அந்தப் பொண்ணு கமிட்டியில புகார் குடுத்திருக்கு. வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்கப்புறம் இதை வச்சு நாங்க போலீஸ்ல குடுப்போம். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். யாரும் படிக்கவில்லை. படிக்காமலே எல்லோருக்கும் தெரியும். பதினோரு பேரும் போட்டோம். ஐந்தாவதாக என் பெயர். விரல் மரத்திருந்ததால் எழுத்து கோணலாக வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் டோல்கேட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ஷாலு அங்கே நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றிருக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் கூட்டம், ஹைரோட்டில் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"வூட்ல போலீஸு கேஸுன்னு பயந்துகினு கீறாங்கக்கா" என்றாள். "பேப்பர்ல நீயும் கையெழுத்து போட்டியா?"

"போட்டேன்."

தலையாட்டினாள். "மொதல்ல கைய உருவி பாத்தேன்கா. அவனுக்கு அது தெரியும்ல, அவன்தான நம்மகூட பழகுனான். இன்னும் இறுக்கி புட்ச்சிகினான். அப்பால மூக்குல ஒண்ணு வச்சேன். அது அவனுக்கு தெரியாது."

"ம்."

"கத்துனேன்கா. மிஷின் ஓடிகினு இருந்துச்சா, வெளிய கேக்கலல்ல?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால், பொய் சொல்ல எனக்கு வழிவிட்டுத்தான் கேட்டாள் என்று தோன்றியது.

"கேட்டுச்சு" என்றேன்.

பஸ் வந்து போனது.

"என் பேசின்ல எறா போட்டது யாருக்கா?"

"நான்தான்."

"கத்துனது கேட்டப்புறமா?"

"ஆமா."

"எதுக்குக்கா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். எதிரில் வந்த ஆட்டோவில் ஏறி அவள் போய்விட்டாள். நான் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். வெட்கமாக இருந்தது. அதுகூட முழுசாக வரவில்லை, கையுறை போட்ட கையால் சூட்டைத் தொடுகிற மாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தொழிலாளிகள் பக்கமிருந்து ஒரு சாட்சி வேண்டுமென்று கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். டென்னிஸ் சார் என்னைத் தேர்ந்தெடுத்தார். வாயைத் திறக்காதவள் என்ற நம்பிக்கைதான். "பேப்பர்ல இருக்கிறது சரியான்னு கேப்பாங்க. சரின்னு சொல்லிட்டு வந்துடு" என்றார். கோவிந்தம்மாக்கா தலை நிமிராமல், "ஜல்தியா சொல்ட்டு வந்துர்டி" என்றாள்.

மாடியில் ஏ.சி. ரூம். ஒரு பக்கம் மாரியப்பன், மூக்கில் பிளாஸ்திரி. இன்னொரு பக்கம் ஷாலு. நடுவில் டென்னிஸ் சாரும், கமிட்டிக்காக வெளியிலிருந்து வந்திருந்த ஞானசெல்வி என்கிற அம்மாவும். நரைத்த தலை, முன்னால் ஒரு நோட்டு.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"எடைத் தகராறுல அடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

வாயைத் திறந்தேன். வகுப்பில் நடந்ததேதான் நடந்தது, சத்தம் வரவில்லை. டென்னிஸ் சார், "பாத்துச்சு மேடம், கூச்சப்படுது" என்றார். மாரியப்பன் மேசையைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தான். வகுப்பில் என் கையை விட்டபோது சிரித்த அதே சிரிப்பு.

எனக்குக் கத்த வரவில்லை. வந்தது சாதாரணக் குரல்தான், எடை சொல்கிற குரல்.

"நான் எதயும் பாக்கல மேடம். ஷாலு ஐஸ் ரூமுக்கு போச்சு. அது வர்றதுக்குள்ள அது பேசின்ல நான் எறா போட்டேன். எதுக்கு போட்டேன்னு கேளுங்க."

ஞானசெல்வி அம்மா பேனாவை எடுத்தார். "எதுக்குப் போட்டீங்க?"

"ஐஸ் ரூமுக்கு போனா நேரம் ஆவும்னு எங்களுக்கு தெரியும். எதுக்கு நேரம் ஆவும்னும் தெரியும். எடை கொறஞ்சா பேஜாரு. அதுக்கோசரம் பக்கத்துல கீறவ போடுவா. எல்லாருக்கும் போட்டுகினுதான் கீறோம், ரொம்ப வருஷமா."

டென்னிஸ் சார், "செங்கொடி" என்று அதட்டினார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க பேசின்ல எத்தனை தடவை போட்டிருக்காங்க?"

ஷாலு என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"மூணு தடவ" என்றேன்.

அவர் எழுதினார். மாரியப்பன் சிரிப்பு போய்விட்டிருந்தது. "பேப்பர்ல போட்டது பொய் மேடம். படிக்காம போட்டேன், தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன். அதையும் எழுதினார். என்ன முடிவு எடுப்பார்கள் என்று சொல்லவில்லை. தேவைப்பட்டால் மற்றவர்களையும் கூப்பிடுவோம், வருகிறவர்கள் தாங்களாகவும் வரலாம் என்று மட்டும் சொன்னார். நான் எழுந்தபோது ஷாலுவும் பாதி எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

கீழே வந்து கவுனைப் போட்டுக்கொண்டு என் இடத்தில் நின்றேன். என் பேசின் நிறைந்திருந்தது. நான் விட்டுப்போனபோது பாதிதான் இருந்தது. நான் மாடியில் இருந்த நேரத்துக்கு இவர்கள் போட்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. அன்பா, பயமா, பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. போட்டவர்களுக்கும் தெரிந்திருக்காது.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாக்கா எதிரிலிருந்து கத்தினாள்: "இன்னாடி கேட்டாங்க?"

"பேசின்ல எறா போட்றத பத்தி கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"போட்டத சொன்னேன். எனக்கு போட்டதயும் சொன்னேன். மூணுன்னு சொன்னேன்."

மேசை முழுவதும் கேட்டிருக்கும். யாரும் நிமிரவில்லை. கோவிந்தம்மாக்கா கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள், அடுத்ததை எடுத்தாள், அதை உரிக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள். பதினான்கு வருடமாக இந்த ஷெட்டில் இருக்கிறவள்.

"நான் எண்ணவே இல்லடி" என்றாள்.

கத்தியைக் கழுவி மேசை மேல் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள், தொப்பியைக் கழற்றினாள். கவுனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு மாடிப்படியில் ஏற ஆரம்பித்தாள். முட்டிவலிக்காரி, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்றுதான் ஏறினாள்.

அவள் பேசினில் கால்வாசிகூட இல்லை. நான் என்னுடையதிலிருந்து இரண்டு கை அள்ளி மேசைக்கு அந்தப் பக்கம் எட்டி அதில் போட்டேன். அவள் பக்கத்தில் நின்றவளும் போட்டாள்.